வல்லத்திராக்கோட்டையில் ஒரு எஞ்சின்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் மறுசந்திப்பு நாளன்று ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



1992-லிருந்து 1995 வரை இங்கே இளங்கலை கணிதம் படித்தவன் நான். கடைசி பெஞ்சு என்று சொல்ல மாட்டேன். கடைசிக்கு முந்தின பெஞ்சு. சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ ஏதோ எஞ்சின் செஞ்சு வெளிநாட்டுக்கெல்லாம் கொடுத்தியாமே, அதைப் பத்திப் பேசு" என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன். அப்புறம்தான் ஒரு பயம் வந்தது. ஏனென்றால் எங்கள் ஊரிலேயே இந்த வார்த்தையால் எனக்கு ஏகப்பட்ட சங்கடம். வல்லத்திராக்கோட்டையில் எஞ்சின் என்றால் கிணற்று மேட்டில் டீசல் ஊற்றி ஓட்டுகிற எஞ்சின்தான். எங்கள் வீட்டில் எஞ்சின் வேலை நடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒருத்தர் ஆலங்குடிப் பக்கத்திலிருந்து டிராக்டரில் ஒரு பழைய பம்புசெட்டை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டார். "தம்பி, ஸ்டார்ட் ஆகுது, தண்ணி இழுக்க மாட்டேங்குது." நான் கம்ப்யூட்டரைக் காட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இது எதையும் இழுக்காதா?" என்றார்.

அவருக்குச் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். நம் புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் போடுகிறோம். வள்ளி, முருகன், நாரதர், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் நாடகக் கோஷ்டி. ஆனால் மேடை, படுதா, டியூப் லைட்டு, கலர் போகஸ், மைக் செட் இதெல்லாம் வேறொருவருடையது. வாடகைக்கு வருகிறது. நேற்று ஆலங்குடியில் அரிச்சந்திராவுக்குப் போட்ட அதே செட்டுதான் இன்று நம் ஊரில் வள்ளிக்கும். கம்ப்யூட்டர் விளையாட்டிலும் அப்படித்தான். கதை, ஆட்கள், விதிகள் எல்லாம் நாடகம். அந்தக் குதிரையை, அந்தக் குளத்தை, அதன் மேல் விழுகிற வெயிலைத் திரையில் நொடிக்கு 30 தடவை அல்லது 60 தடவை வரைந்து காட்டுகிற பகுதி மேடை செட்டு. அதற்குத்தான் கிராபிக்ஸ் எஞ்சின் அல்லது ரெண்டரர் என்று பெயர். அதை நாமே செய்து, மற்ற கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டால் அது லைசென்ஸ்.

இந்த ஆசை எனக்கு எப்போது பிடித்தது என்றால், திருச்சியில் எம்.சி.ஏ. படிக்கும்போது. சென்டரில் இருந்த ஒரு 486 மெஷினில் யாரோ டூம் விளையாட்டைப் போட்டு வைத்திருந்தார்கள். 1993 டிசம்பரில் அமெரிக்காவில் ஐடி சாப்ட்வேர் என்கிற சின்னக் கம்பெனி வெளியிட்டது. மற்றவர்கள் பேயைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஓட்டை மெஷின் எப்படி இவ்வளவு வேகமாகச் சுவரை வரைகிறது? நாலைந்து வருஷம் கழித்துத்தான் விடை தெரிந்தது. எந்தச் சுவர் முன்னால், எந்தச் சுவர் பின்னால் என்பதை விளையாடும்போது கணக்குப் போடாமல், முன்கூட்டியே இடத்தை இரண்டிரண்டாகப் பிரித்து ஒரு மரமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பி.எஸ்.பி. மரம். அதை ஜான் கார்மாக் கண்டுபிடிக்கவில்லை. 1980-லேயே ஃபுக்ஸ், கெடெம், நெய்லர் என்கிற மூன்று பேர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் இருக்கிறது. கார்மாக் அதைத் தேடிப் படித்துச் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட வைத்தார். நமக்கு இரண்டாம் வருஷம் நடத்திய பகுமுறை வடிவியல்தான் அது. ஒரு தளம், அதன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா. அந்தப் பாடத்தில் நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். சார் முன்வரிசையில் இருக்கிறார்.

ஐடி காரர்கள் அந்த எஞ்சினை மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். ரேவன் என்கிற கம்பெனி அதை வைத்து 1994-ல் ஹெரெடிக் செய்தது. அடுத்து வந்த குவேக் எஞ்சினை வால்வ் என்ற புதுக் கம்பெனி வாங்கி, நிறைய மாற்றி, 1998-ல் ஹாஃப்-லைஃப் வெளியிட்டது. அதே 1998-ல் டிம் ஸ்வீனியின் எபிக் கம்பெனி அன்ரியல் ஆட்டத்தை வெளியிட்டது; அந்த எஞ்சினையும் மற்றவர்களுக்கு விற்றது. விளையாட்டு விற்றுத் தீர்ந்த பிறகும் செட்டு வாடகை வந்துகொண்டே இருக்கும் என்பது அன்றைக்கு உலகத்துக்கே புதுசு.

நம் நாட்டில் இதே காலத்தில் 1997-ல் பெங்களூரில் ராஜேஷ் ராவ் துருவா இன்டராக்டிவ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். விளையாட்டே செய்ய வேண்டும் என்று கிளம்பியவர்கள், கடைசியில் வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் கார், மரம், கட்டிடம் வரைந்து கொடுத்துத்தான் நிலைத்து நின்றார்கள். பிறகு சுவீடன்காரர்கள் வாங்கி, 2019-ல் ராக்ஸ்டார் கைக்குப் போனது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் என் கதையும் கிட்டத்தட்ட அந்தத் தடத்தில்தான் வரும் என்பதால் முன்னாடியே சொல்லி வைக்கிறேன்.

பதினைந்து வருஷம் சென்னையிலும் பெங்களூரிலும் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 2013-ல் ஊருக்கு வந்தேன். 2014-ல் அப்பா உரமூட்டை அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து மூன்று மேசை போட்டோம். மூன்று பேர். நான், இதே கல்லூரியில் கணிதம் படித்த ஒரு தம்பி, கணினி அறிவியல் படித்த ஒரு தங்கை. அந்த அறையில் யூரியா வாசனை போக ஒரு வருஷம் ஆனது.

ஏன் சொந்தமாகச் செய்தீர்கள், இருப்பதை எடுத்து உபயோகித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வெளியில் நாங்கள் சொன்ன காரணம் இது. அன்று நம் ஊர்ப் பையன்கள் கையில் இருந்த போன்களில் 512 எம்.பி. நினைவகம். பெரிய எஞ்சின்கள் அதில் மூச்சு வாங்கும். யூனிட்டி எஞ்சினின் முழுப் பதிப்பு ஆளுக்கு மாதம் 75 டாலர். ஆகவே குறைந்த விலைப் போனுக்கென்றே மெலிசாக ஒரு ரெண்டரர் செய்தால் அதற்கு ஒரு சந்தை உண்டு. காரணம் சரிதான். ஆனால் உள்ளே இருந்த காரணம், அந்தச் சுவரை நானும் ஒரு தடவை வரைந்து பார்க்க வேண்டும் என்பதுதான். ஆசையைக் கணக்காக எழுதி வைத்துக்கொண்டோம்.

ஒரு வருஷம் வேலை செய்திருப்போம். 2015 மார்ச் முதல் வாரம். எபிக் தன் அன்ரியல் எஞ்சினுக்கு மாதச் சந்தாவே வேண்டாம், விளையாட்டு விற்றால் 5 சதவீதம் கொடு, போதும் என்று அறிவித்தது. மறுநாள் யூனிட்டி, வருமானம் குறைவாக உள்ளவர்களுக்கு முழு எஞ்சினும் இலவசம் என்று அறிவித்தது. நாங்கள் பணத்துக்கு விற்கலாம் என்று சேர்த்துக்கொண்டிருந்த சரக்கை, உலகத்தின் இரண்டு பெரிய கடைகள் ஒரே வாரத்தில் சும்மா கொடுக்க ஆரம்பித்துவிட்டன. அன்றைக்கு அந்தத் தங்கை கேட்டாள், "அண்ணே, நாளைக்கு வரணுமா?" வரச் சொன்னேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

எங்களிடம் அப்போது காட்டுவதற்கு ஒரு காட்சிகூட உருப்படியாக இல்லை. என்ன வரையலாம் என்று யோசித்தபோது தம்பிதான் சொன்னான், "குளமங்கலம் குதிரையைப் போடுவோம்ணே." இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூரில் படிக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: நம் ஆலங்குடி வட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் வாசலில் முப்பது அடிக்கு மேல் உயரமுள்ள குதிரைச் சிலை நிற்கிறது. மாசி மகத்துக்குக் காகிதப்பூ மாலையாக வந்து குவியும். மாலை மேல் மாலை. சாயங்காலம் பார்த்தால் குதிரையே தெரியாது. காற்றில் ஆடுகிற கலர் காகிதம்தான் தெரியும்.

குதிரை சுலபமாக வந்துவிட்டது. மாலை எங்களைக் கொன்றுவிட்டது. பாருங்கள், காகிதத்தின் ஓரம் வெட்டு வெட்டாக இருக்கும். அதை வரைய வழக்கமான வழி, ஒரு சதுரத்தில் மாலையின் படத்தை ஒட்டி, ஓரத்தை மட்டும் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய விடுவது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பன்னிரண்டு மாலை இருந்தால், திரையின் ஒவ்வொரு புள்ளியையும் பன்னிரண்டு தடவை வரைய வேண்டும். 480-க்கு 800 திரையில் 3,84,000 புள்ளிகள். பன்னிரண்டால் பெருக்கினால் 46 லட்சம். நொடிக்கு 30 தடவை என்றால் 13 கோடியே 80 லட்சம். மூவாயிரம் ரூபாய் போன் என்ன செய்யும்? நொடிக்கு 6 படம் காட்டியது. கையில் தோசை சுடலாம் போலச் சூடு.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அந்தக் கால ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றிலும் பொதுவாக இருந்த பட அமுக்கு முறை ஈ.டி.சி.1. 1024-க்கு 1024 படத்தை 4 எம்.பி.யிலிருந்து அரை எம்.பி.யாக்கிவிடும். ஆனால் ஊடுருவித் தெரிகிற படத்தை அது தொடாது. ஆக மாலைப் படங்கள் எல்லாம் அமுக்காமல் முழு எடையில் நினைவகத்தில் உட்கார்ந்துகொண்டன. 512 எம்.பி. போனில் இந்தப் பக்கம் மாலை ஏறினால் அந்தப் பக்கம் ஆட்டமே விழுந்துவிடும்.

மூன்று மாதம் இதிலேயே போயிற்று. ஒருநாள் தங்கை வீட்டிலிருந்து கத்தரிக்கோலும் கலர் காகிதமும் கொண்டுவந்து, நிஜமாகவே மாலை கட்டிப் பார்த்தாள். பூவின் நடுப்பகுதி கெட்டியாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஓட்டை எல்லாம் ஓரத்தில் ஒரு விரல் அகலம்தான். "நடுவுல எதுக்குண்ணே கண்ணாடி? சதுரமா ஒட்டாம, காகிதத்தைச் சுத்தி வெட்டுவோம்." அவ்வளவுதான் விஷயம். சதுரத்துக்குப் பதிலாகக் காகிதத்தின் விளிம்பை ஒட்டியே முக்கோணங்களாக வெட்டினோம். முக்கோணங்கள் கூடின, ஆனால் கண்ணாடிப் புள்ளிகள் அநேகமாக ஒழிந்தன. கெட்டியான காகிதம் என்றால், முன்னால் இருப்பதை முதலில் வரைந்துவிட்டால் பின்னால் மறைந்திருப்பதைச் சிப்பு வரையாமலே தள்ளிவிடும். படத்தையும் இப்போது ஈ.டி.சி.1-ல் அமுக்க முடிந்தது. தூரத்து மாலைகளைத் தனித்தனியாக வரையாமல் ஒரே படமாக்கிக்கொண்டோம். அதே போனில் நொடிக்கு 28 படம். அன்று மூன்று பேரும் கைக்குறிச்சி வரை பஸ்ஸில் போய்ப் புரோட்டா சாப்பிட்டு வந்தோம். காரணம் கேட்காதீர்கள், அந்த ஊரில் இறங்க வேண்டும் போல இருந்தது.

அந்தக் குதிரையைக் காட்டித்தான் முதல் லைசென்ஸ் கிடைத்தது. 2016-ல், வெளியூர்க் கம்பெனி ஒன்று. பெயர் வேண்டாம். குழந்தைகளுக்கான பாட விளையாட்டு செய்கிறவர்கள். மொத்தம் 4 லட்சம், முன்பணம் ஒன்றரை லட்சம். மூன்று பக்கக் காகிதத்தை நீட்டினார்கள். இங்கிலீஷ். வாங்கி, தேதி சரியா, தொகை சரியா, எங்கள் பெயரில் எழுத்துப் பிழை உண்டா என்று மட்டும் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். எஞ்சினின் மூல நிரலையும் அப்படியே ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் அப்பாவுக்கு ஒரு சால்வை வாங்கிக்கொண்டு வந்தேன்.

2018 ஜனவரியில், வெளிநாட்டுச் சின்ன ஸ்டூடியோ ஒன்று எங்கள் ரெண்டரரைக் கேட்டது. இந்தச் செய்தியை முதல் கம்பெனிக்காரரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். பத்து நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. எஞ்சினை எங்களுக்கு விற்றுவிட்டு இன்னொருவருக்கு விற்கப் பார்க்கிறீர்கள், 15 நாளில் பதில் சொல்லவும் என்று.

எனக்குக் கை கால் ஓடவில்லை. நம் கல்லூரியில் எனக்கு மூன்று வருஷம் சீனியர் ஒருவர் புதுக்கோட்டைக் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறார். அவரிடம் ஓடினேன். காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தம்பி, நீ இதை என்னன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்ட?"

"லைசென்ஸ்ணே. ஒரு ஆட்டத்துக்கு."

"இதுல எங்கயும் லைசென்ஸ்ங்கிற வார்த்தையே இல்லையேப்பா. அசைன்னு போட்டிருக்கு. வயலைக் குத்தகைக்கு விடுறதா நெனச்சுக்கிட்டு நீ கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்க."

விவசாயி மகனான எனக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. எங்கள் அப்பா பத்தாம் வகுப்புகூடத் தாண்டாதவர். ஆனால் ஒரு குழி நிலத்துக்குக்கூட நாலு எல்லை, சர்வே எண், கிணற்றில் பங்கு, வண்டிப்பாதை பாத்தியம் எல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் ரேகை வைக்க மாட்டார். அவர் மகன் இரண்டு பட்டம் வாங்கியவன், இரண்டு வருஷ உழைப்பை வாசிக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வக்கீல் அண்ணன் அடுத்துக் கேட்டது இன்னும் மோசம். "நீங்க மூணு பேரும் உங்களுக்குள்ள என்ன எழுதி வச்சிருக்கீங்க?" ஒன்றும் இல்லை. அண்ணன் தம்பி மாதிரிப் பழகினோம், எழுதவில்லை. அவர் சிரித்துவிட்டு, "அண்ணன் தம்பிக்குள்ளதான்டா கோர்ட்டுல பாதிக் கேஸே" என்றார்.

பிறகு ஒரு புத்தகத்தை எடுத்தார். 1957-ம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். கம்ப்யூட்டர் புரோகிராமும் அதில் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில்தான் வருகிறது. நம் தமிழ்த் துறை நண்பர்கள் கவனிக்க, நாங்களும் இலக்கியவாதிகள்தான். அதன் 19-வது பிரிவில் அவர் விரலை வைத்தார். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் கொள்ள வேண்டும். எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ள வேண்டும். எங்கள் காகிதத்தில் காலமும் இல்லை, எல்லையும் இல்லை. எழுதியவர்களும் எங்கிருந்தோ ஒரு மாதிரியை எடுத்து, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஆக, நான் வாசிக்காத காகிதத்தை அவர்களும் வாசிக்கவில்லை.

"2021-ல உன் எஞ்சின் உன்கிட்டத் திரும்பி வரணும். அதுக்கு முன்னாடியே வெளிநாட்டுக்காரனுக்குக் கொடுக்கத் தடை இல்லேன்னு வாதாடலாம். ஆனா இது வாதம்தான் தம்பி, தீர்ப்பு இல்ல. பேசித் தீர்த்துக்கிறது நல்லது."

பேசினோம். மூன்று தடவை அந்த ஊருக்குப் போய் வந்தோம். இப்போது யோசித்தால் அந்தக் கம்பெனிக்காரர் கெட்டவர் இல்லை. அவர் பயம், நாளைக்கு நான் வேறு யாருக்காவது மொத்தமாக விற்றுவிட்டால் அவர் ஆட்டம் நின்றுபோகும் என்பது. அது நியாயமான பயம். ரெண்டர்வேர் என்று இங்கிலாந்தில் கிரைட்டீரியன் கம்பெனியின் எஞ்சின் ஒன்று இருந்தது. 2001-ல் வந்த ஜி.டி.ஏ. 3, பிறகு வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் எல்லாம் அதில் செய்தவை. 2004-ல் அந்தக் கம்பெனியையே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கிவிட்டது. போட்டிக் கம்பெனி கையில் நம் அச்சாணி என்று ஆனதும் மற்றவர்கள் வேறு எஞ்சின் தேடி ஓட வேண்டியதாயிற்று. லைசென்ஸ் வாங்குகிறவனுக்கும் ராத்திரித் தூக்கம் வர வேண்டாமா?

கடைசியில் இப்படி முடிந்தது. அவர்கள் செய்யும் ஆட்டங்களுக்கு எஞ்சினை என்றைக்கும் உபயோகிக்கலாம், உரிமை எங்களுடையது, வர வேண்டிய பாக்கிப் பணத்தை நாங்கள் விட்டுவிட வேண்டும், இரண்டு வருஷம் இலவசமாகப் பழுது பார்க்க வேண்டும். பாக்கி என்பது இரண்டரை லட்சம். ஒரு வார்த்தைக்கு நான் கட்டிய விலை.

அந்த வெளிநாட்டு ஸ்டூடியோவுடனான காகிதத்தை வக்கீல் அண்ணன் நாலு வாரம் உட்கார்ந்து எழுதினார். எந்த ஆட்டத்துக்கு, எத்தனை வருஷத்துக்கு, எந்த நாட்டில், எந்தப் பதிப்பு, அவர்கள் செய்கிற திருத்தம் யாருக்குச் சொந்தம் என்று எல்லாம். விற்பனையில் பங்கு கேட்கவில்லை, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. பங்கு கேட்டால் அவர்கள் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். வல்லத்திராக்கோட்டையிலிருந்து அதை எப்படிச் செய்வது? எபிக் 5 சதவீதம் கேட்கலாம், அவர்களுக்கு ஆள் இருக்கிறது. வழக்கு வந்தாலும் தாங்குவார்கள். சிலிகான் நைட்ஸ் என்ற கனடாக் கம்பெனி, ஒழுங்கான எஞ்சின் தரவில்லை என்று 2007-ல் எபிக் மேல் வழக்குப் போட்டு, 2012-ல் எதிர்வழக்கில் தானே 44 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரி சொன்னது. நமக்கு அதில் கடைசி நான்கு சைபர் இருந்தாலே வீடு போய்விடும்.

அந்தக் காகிதத்தில் அவர்கள் கேட்டுச் சேர்த்த ஒரு ஷரத்து: பழுது என்று எழுதி 30 நாள் எங்களிடமிருந்து பதிலே வராவிட்டால், மூல நிரல் முழுவதும் அவர்கள் கைக்குப் போகும், அதற்குப் பிறகு எங்களுக்குப் பணம் கிடையாது. 30 நாள் என்ன, 30 மணி நேரத்தில் பதில் போடுவோம் என்று நான் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டேன்.

2018 நவம்பர் 12-ம் தேதி அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்துக்கு மேல் போனால், சில போன்களில் மட்டும் குளத்துத் தண்ணீர் வழுக்கி ஓடாமல் விட்டு விட்டு நகர்கிறது. ஆட்டத்தை மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. பார்க்கிறோம் என்று ஒரு வரி எழுதலாம் என்று இருந்து, கண்டுபிடித்தே எழுதலாம் என்று விட்டேன். 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் கரையேறியது.

உங்களில் பாதிப் பேருக்கு அந்த ராத்திரி தெரியும். விடிந்து பார்த்தால் தென்னை, பலா, தைலமரம் எல்லாம் படுத்துக்கிடந்தது. மின்கம்பங்கள் ஒடிந்து வயலில் கிடந்தன. கரண்டு இல்லை, செல்போன் டவர் இல்லை, குடிதண்ணீர் இல்லை. எங்கள் வீட்டு ஓட்டில் பாதி பக்கத்து வீட்டுக் கொல்லையில். முதல் நாலு நாள் எஞ்சின் என்ற நினைப்பே கிடையாது. சாலையில் விழுந்த மரத்தை அறுத்தோம், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் தம்பி வந்து, "அண்ணே, 30 நாள் ஷரத்து" என்றான்.

லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. ஆனால் ஒரு அதிர்ஷ்டம். வக்கீல் அண்ணன் சொன்னார் என்பதற்காக, ஒவ்வொரு பதிப்பையும் தேதி போட்டு அச்செடுத்துக் கட்டி வைத்திருந்தோம். எங்கள் படைப்பு என்று நிரூபிக்க வைத்தது. சாக்கில் சுற்றிப் பரணில் கிடந்தது, நனையவில்லை. அரிக்கேன் வெளிச்சத்தில் தண்ணீர் வரைகிற பக்கத்தை எடுத்து மூன்று பேரும் வாசித்தோம். தண்ணீரை நகர்த்த, ஆட்டம் தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்ற எண்ணைச் சிப்புக்கு அனுப்பியிருந்தோம். மாலி-400 என்ற சிப்பு உள்ள போன்களில் புள்ளிக்குக் கலர் போடும் பகுதியில் எண்ணுக்கு 16 பிட்தான் இடம். அதில் எண் பெரிதாகப் பெரிதாகத் தசமத் துல்லியம் குறையும். 512-க்கும் 1024-க்கும் இடையில் அரை அரையாகத்தான் நகர முடியும். பத்து நிமிஷம் என்றால் 600 நொடி. ஆக, தண்ணீர் அரை நொடிக்கு ஒரு தடவைதான் நகர்கிறது. தராசில் மூட்டையை வைத்துவிட்டு அதன் மேல் மிளகு நிறுத்த முடியாது என்பது மாதிரி. அலை ஒரு சுற்று முடிந்ததும் எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பி அனுப்பினால் போதும். ஒரு வரி. அதை அரிக்கேன் வெளிச்சத்தில் பென்சிலால் எழுதினோம்.

மறுநாள் தம்பி லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, நடந்தும் பைக்கில் தொற்றியும் புதுக்கோட்டை போய், அங்கிருந்து திருச்சி பஸ் பிடித்து, ஒரு லாட்ஜில் ரூம் போட்டு, திருத்திய பதிப்பை அனுப்பினான். கூடவே புயலைப் பற்றி நாலு வரி. பதில் அன்றே வந்தது. தண்ணீர் சரியாக ஓடுகிறது என்று ஒரு வரி. உங்கள் வீட்டார் எல்லாரும் நலமா என்று ஒரு பத்தி. எங்கள் ஊருக்குக் கரண்டு வர அதற்குப் பிறகும் பல நாள் ஆனது. வெளி மாவட்டத்திலிருந்து வந்த மின்வாரிய ஆட்கள் எங்கள் திண்ணையில்தான் படுத்திருந்தார்கள்.

இப்போது கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியில் கதை பெரிதாகப் பரவியிருக்கிறது. மொத்தம் நாலு லைசென்ஸ் விற்றோம். அதில் வந்த பணம் மூன்று பேரின் சம்பளத்துக்குக் கட்டுப்படி ஆகவில்லை. எங்களுக்குச் சோறு போட்டது, இன்றும் போடுவது, மற்றவர்கள் செய்த ஆட்டத்தை மலிவுப் போனில் ஓட வைத்துக் கொடுக்கிற வேலை. குதிரை மாலையில் கற்றதை வைத்துத்தான் அந்த வேலை வருகிறது. பழைய பதிப்பை 2022-ல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்டுவிட்டோம். ஐடி காரர்கள் டூம் மூல நிரலை 1997-லேயே வெளியிட்டார்கள், அதைப் பார்த்துப் படித்தவன் நான்.

எழுந்து நிற்கிற தம்பி கேட்க நினைப்பது புரிகிறது. இன்றைக்கு ஒருத்தன் சொந்தமாக எஞ்சின் செய்யலாமா? விற்பதற்கு என்றால், என் அபிப்பிராயம், வேண்டாம். அர்ஜென்டினாக்காரர்கள் தொடங்கிய கோடோ எஞ்சின் 2014-லிருந்து திறந்த உரிமத்தில் இலவசமாக இருக்கிறது. ஆனால் அடுத்தவன் செட்டில் நாடகம் போடும்போது வாடகை எப்போது ஏறும் என்று தெரியாது. 2023 செப்டம்பரில் யூனிட்டி, ஒவ்வொரு தடவை ஆட்டம் நிறுவப்படும்போதும் கட்டணம் என்று அறிவித்தது; உலகம் முழுக்கச் சத்தம் எழுந்து, ஒரு வருஷம் கழித்து 2024 செப்டம்பரில் கைவிட்டது. அந்த ஒரு வருஷம் எத்தனை சின்னக் கம்பெனிகள் தூங்கியிருக்காது என்று எனக்குத் தெரியும். எனவே எதை எடுத்தாலும் காகிதத்தை வாசித்துவிட்டு எடுங்கள். படிப்பதற்காக என்றால் ஒரு முக்கோணத்தில் ஆரம்பித்துச் சொந்தமாக எழுதிப் பாருங்கள். இரண்டாம் வருஷக் கணக்குப் புத்தகம் போதும்.

மணி அடித்துவிட்டார்கள், சாப்பாடு தயார் என்று நினைக்கிறேன். பந்தி முடிந்ததும் நான் வேப்பமரத்தடியில் இருப்பேன். அந்த மூன்று பக்கக் காகிதம், பெயர்களை மறைத்து, நகல் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். உங்களில் யாராவது கையெழுத்துப் போடப் போகிற காகிதம் கையில் வைத்திருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். வக்கீல் அண்ணன் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பீஸ் வாங்க மாட்டார், நான் கேட்டுவிட்டேன்.